பதினான்காம் கருவி

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அவள் இருக்கைக்குத் திரும்பியபோது, திரையில் மலைச்சரிவின் வரைபடம் திறந்தே கிடந்தது. நிலச்சரிவைக் கண்காணிக்கும் மையம் அது. மலையில் புதைத்த கருவிகள் மண்ணின் அசைவை அனுப்பும். ஐந்து ஊர்களிலுள்ள மையங்கள் அதை ஒரே வரைபடத்தில் பார்க்கும்.

பதினான்காம் கருவியின் புள்ளி பச்சையாக எரிந்தது.

அதைப் புதைக்கப் போனவன் அவள் அண்ணன். மூன்று மாதத்துக்கு முன் சரிவு இடிந்தபோது, கருவியைத் தோளில் சுமந்தபடியே மண்ணுக்குள் போனான். உடல் கிடைக்கவில்லை; கருவியின் புள்ளியும் அன்றே அணைந்துவிட்டது.

"சோடாபுட்டி, கொஞ்சம் இங்க வாயேன்."

பக்கத்து மேசைக்காரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். "பழைய டேட்டாவா இருக்கும். இந்த சர்வர் நம்ம உயிரை வாங்காம விடாது."

புள்ளி நகர்ந்தது.

ஆழம் பதினொரு மீட்டர் என்றது திரை. சரிவைவிட்டு இறங்கி, சாலையின் வளைவுகளிலெல்லாம் வளைந்து, ஆள் நடக்கும் வேகத்தில் வந்தது. பாலத்தருகே சற்று நின்றது, மூச்சு வாங்குவதுபோல.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தான்.

அவள் அந்தப் புள்ளியை அழித்தாள். மறுபடி வந்தது. அடுத்த ஊர் மையத்தை அழைத்தாள்.

"எங்களுக்கும் தெரியுதுங்க" என்றது தயங்கிய குரல். "நாங்களும் அழிச்சுப் பார்த்துட்டோம்."

புள்ளி மலையடி ஊருக்குள் நுழைந்து, அவள் தெருவில் திரும்பியது.

ஆழம் நான்கு மீட்டர்.

வீட்டுக்கு ஃபோன் போட்டாள். "அம்மா, உடனே வெளிய வா. எதுவும் கேக்காத."

"என்னடி ஆச்சு? தரை வேற லேசா அதிருது. லாரி ஏதும் போகுதோ?"

"உன் கால்ல விழறேன்மா, வெளிய வா!"

இரண்டு.

ஒன்று.

அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, மூன்று மாதமாகக் காணாமல் போயிருந்த கனிவோடு யாரிடமோ சொன்னாள்:

"கால கழுவிட்டு வாடா. எவ்ளோ மண்ணு."

இணைப்பு அறுந்தது.

அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. தரையில் ஒரு கீறல்கூட இல்லை. வீடு முழுக்க ஈரமண் வாடை. அம்மாவைக் காணோம்.

சோடாபுட்டி ஃபோனில் கிசுகிசுத்தான். "இப்ப ரெண்டு புள்ளி. ரெண்டும் மலைப்பக்கம் திரும்பிப் போகுது."

எங்கே தோண்டுவது? யாரிடம் சொல்வது?

அவள் வேலையை விட்டாள். மலையே இல்லாத தூரத்து ஊரில் குடியேறினாள்.

நேற்று மதியம் சோடாபுட்டியிடமிருந்து ஒரு படம் மட்டும் வந்தது. அவள் புதுத் தெருவின் வரைபடம். முனையில் இரண்டு பச்சைப் புள்ளிகள்.

ஆழம் மூன்று மீட்டர்.