மழலை உலா

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு என்றால் எனக்கு முந்தின நாளே இடுப்பு வலிக்க ஆரம்பித்துவிடும். விடிந்ததும் இட்லி ஊற்றி, பால் காய்ச்சி, இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டி, ஆளுக்கு மூன்று செட் மாற்றுத்துணி எடுத்து வைத்து, ஒன்பது மணிக்குள் வாசலில் நிற்க வேண்டும். வருவது தானோட்டி வண்டி. பையன் கிளம்பும் நேரத்தில் கக்கா போய்விட்டான், ஐந்து நிமிடம் பொறு என்று அதனிடம் கெஞ்ச முடியாது.

"தம்பிக்குக் கன்னத்துல பொட்டு வெச்சிட்டியா?" என்றார் என் கணவர் குமரகுரு, கட்டிலுக்கு அடியில் ஒற்றைச் சாக்ஸைத் தேடிக்கொண்டே.

"வெச்சாச்சுங்க. மொளகு அளவுதான். அதுக்கு மேல வெச்சா மூஞ்சிய மறைக்குதுன்னு எழுதிருவாங்க."

கண் படக்கூடாது என்று பொட்டு வைக்கிற ஜனங்கள் நாங்கள். கண் படுவதற்கென்றே பிள்ளைகளை நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

என் மகள் பொன்னி செருப்பு மாட்டித் தயாராக நின்றாள். நான்கு வயது பதினோரு மாதம். அவளுக்கு இது கடைசி உலா. ஐந்து முடிந்தால் சட்டம் விட்டுவிடும். செழியனுக்கு ஒன்றரை வயது. அவன் மணிக்கட்டில் உலாத் துறைக்காரர்கள் மாட்டிவிட்ட மழலைமானி சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சிவப்புதான் இரண்டு மாதமாக என் தூக்கத்தைத் தின்கிறது. உலா நாளில் பிள்ளை ஜனங்கள் முன்னால் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும், இல்லை அழ வேண்டும், குறைந்தபட்சம் நாலு சத்தமாவது போட வேண்டும். போட்டால் மானி பச்சையாகும். செழியன் வீட்டில் காது கிழியக் கத்துவான். கூட்டத்தைப் பார்த்தால் வாயைப் பூட்டிக்கொள்வான். இரண்டு உலா அப்படியே போயிற்று. மூன்றாவதும் சிவப்பாகவே முடிந்தால், கூட்டத்துக்குப் பழக்குகிறோம் என்று மேட்டுப்பாளையம் ரோட்டில் உள்ள பழக்கு இல்லத்துக்கு நான்கு மாதம் கொண்டுபோய்விடுவார்கள். அம்மா வாரம் ஒரு தடவை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். அவனுக்குக் கூச்சம், அவ்வளவுதான். கூச்சத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

வண்டி எங்களைக் கிராஸ்கட் ரோட்டில் இறக்கியபோது வெயில் ஏறிவிட்டது. குளிர்க்கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு சத்தம் இல்லை. தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, பார்க்கலாம், கேட்கலாம். பதினெட்டு லட்சம் பேர் இருக்கிற கோயம்புத்தூரில் ஐந்து வயதுக்குக் கீழே இருநூற்று நாற்பது பிள்ளைகள்தான். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே வகுப்புக்கு ஒன்பது பேர்தான் இருந்தோம். அப்போது யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை.

பிறகுதான், பிள்ளைச் சத்தமே இல்லாத வார்டுகளில் மனிதர்கள் மெல்ல மெல்ல ஓய ஆரம்பித்தார்கள். முதலில் கடை திறப்பதை விட்டார்கள். அப்புறம் வாசல் தெளிப்பதை, கடைசியில் சாப்பிடுவதையும். திரையில் பிள்ளைகளைக் காட்டிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. எந்த மெஷினும் நொடியில் ஆயிரம் பிள்ளைகளைச் சிரிக்கவைத்துக் காட்டும் காலத்தில் திரையை யார் நம்புவார்கள்? மாதம் ஒரு தடவை நிஜப் பிள்ளையின் குரலை நேரில் கேட்டால் ஆள் எழுந்து நடமாடுகிறான் என்று கண்டுபிடித்தது அதற்கப்புறம். சட்டம் வந்தது. எங்களுக்கு வீடு தந்தார்கள், குறையில்லாமல் அரிசி பருப்பு தந்தார்கள். பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

பொன்னி இந்த வேலையில் கை தேர்ந்தவள். வீட்டில் அத்தனை சுத்தமாகப் பேசுகிற பெண், வரிசையைக் கண்டதும் நாக்குக் குழறப் பேச ஆரம்பித்தாள். "அம்மா, எனக்கு ஐச்சுக்கீமு," என்று தத்தித் தத்தி ஓடினாள். வேண்டுமென்றே ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். இரண்டு பக்கமும் முகங்கள் இளகின. அவள் மானி பத்து நிமிடத்தில் பச்சையானது. என்னிடம் ஓடி வந்து, "எனக்கு முடிஞ்சுதும்மா. கால் வலிக்குது," என்றாள் தன் சொந்தக் குரலில்.

செழியனுக்கு என்னதான் செய்யவில்லை? பலூன் வாங்கிக் காட்டினோம். குமரகுரு நடுரோட்டில் குரங்கு மாதிரி குதித்தார். பாவம், கணக்குத் தணிக்கை செய்கிற மனுஷன். பையன் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கல்லாகக் கிடந்தான். ஐஸ்கிரீம் கடையில் ஒரு வாய் தின்றான், என் புடவையில் கக்கினான். கழிப்பறைக்கு மூன்று தடவை. மதியச் சோற்றைப் பொன்னி கொட்டினாள், நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன், அதையும் வரிசையில் நின்றவர்கள் ஆசையாகப் பார்த்தார்கள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழத் தோன்றியது. நான் அழுதால் மானி ஏற்காதே.

மூன்று மணிக்குப் பூங்காவுக்குள் போனோம். அங்கே ஜனங்களைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்ற ஒருவர், அறுபது வயது இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பேசக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, தம்பியக் கொஞ்சம் அழ வுடுவீங்களா? அழுகைச் சத்தம் கேட்டுப் பதினோரு வருசமாச்சுங்க. சிரிப்பெல்லாம் வேண்டாமுங்க."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "அவன் உங்களுக்காக அழோணுமாங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "தப்புத்தானுங்க, மன்னிச்சுக்கோங்க," என்று ஒரு அடி பின்னால் போனார். ஆனால் அங்கிருந்து போகவில்லை. கேட்ட வாயை அறைந்துகொள்ளலாம் போல எனக்கு இருந்தது.

நாலே காலுக்கு உலா அலுவலர் பத்மலோசனி வந்தாள். அவளுக்கும் காலையிலிருந்து நடந்து பாதம் வீங்கியிருந்தது. செழியனின் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இன்னும் பதினஞ்சு நிமிசம் இருக்குங்க. பாருங்க. என் கையில ஒண்ணுமில்லீங்க, மிஷினுதான் எழுதுது. நாளைக்குக் காலையில வண்டி வந்துரும்."

"ஒன்றரை வயசுப் பையனுங்க. இன்னும் பால்குடி மறக்கலீங்க," என்றார் குமரகுரு.

"எனக்குத் தெரியாதுங்களா," என்று சொல்லிவிட்டு அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் செழியனை மடியில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். என் கை அவனுக்குப் போர்த்தியிருந்த துண்டுக்கு அடியில் தொடைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

"என்ன பண்றே?" என்றார் குமரகுரு.

"டயப்பர் நனைஞ்சுதான்னு பாக்குறேன்," என்று கையை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் பொன்னி என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "தம்பிய எங்கிட்டக் குடும்மா. நான் வெச்சுக்கறேன்," என்றாள். எனக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது. கொடுத்தேன். அவள் அவனைக் கூட்டத்தைப் பார்க்கத் திருப்பி உட்காரவைத்து, துண்டைப் போர்த்தி, கட்டிக்கொண்டாள். அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்த அழகுக்கே நாலு பேர் கயிற்றருகில் வந்தார்கள்.

செழியன் வீறிட்டான். மூச்சை இழுத்துப் பிடித்து, முகம் செக்கச்செவேலென்று ஆகி, பூங்கா முழுக்கக் கேட்கிற அழுகை. கயிற்றுக்கு அந்தப்பக்கம் எல்லோரும் அப்படியே நின்றார்கள். இஸ்திரிச் சட்டைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி நின்றாள். மானி பச்சையானது.

"வந்துருச்சுங்க," என்றாள் பத்மலோசனி. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "இந்த மாசம் இனி ஒரு பயமும் இல்லீங்க. கூட்டிட்டுப் போங்க."

குமரகுரு என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் பையனை வாங்கித் தோளில் போட்டேன். பிழைத்தோம் என்றுதான் நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை. திரும்பும் வண்டியில் டயப்பரை மாற்றும்போதுதான் பார்த்தேன். தொடையின் உள்பக்கம் பிறை மாதிரி இரண்டு நகத்தடம், ரத்தம் கட்டியிருந்தது.

"பொன்னி," என்றேன்.

"கிள்ளுனேன்," என்றாள் அவள் ஒளிக்காமல். "உள்பக்கம்தாம்மா. அங்கதான் யாருக்கும் தெரியாது."

குமரகுருவுக்கு முகமே மாறிவிட்டது. "இதெல்லாம் யாரு சாமி உனக்குச் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. நான் குட்டிப் பாப்பாவா இருக்கறப்ப அம்மா எனக்குக் கிள்ளும்ல, அப்படித்தான்."

மூன்று தடவை. அவளுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. ஒவ்வொரு தடவையும் உலா முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, துண்டுக்கு அடியில். அந்த வயதில் எதுவும் ஞாபகத்தில் தங்காது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அதை நம்பித்தான் நிம்மதியாக இருந்தேன். குமரகுருவிடம்கூடச் சொன்னதில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டி தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. செழியன் விக்கி விக்கித் தூங்கிப்போனான்.

"அடுத்த மாசம் நான் வரமாட்டேன்ல?" என்றாள் பொன்னி.

"ஆமா கண்ணு. உனக்கு முடிஞ்சுது."

"அப்ப நீதான கிள்ளோணும்?"

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். துண்டை இழுத்துச் செழியனின் காலை மூடினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் ஏதோ சொல்லிவிட்ட மாதிரித் தலையை ஆட்டிவிட்டு, தம்பியின் தொடையைத் துணிக்கு மேலாகவே மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

"போறதுக்கு முன்னாடி நகம் வெட்டிக்கோம்மா," என்றாள். "நகம்தான் ரொம்ப வலிக்கும்."