காரைவிட மூத்த மூடி

அந்தப் பணிமனையில் எல்லோரும் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிட்டார்கள். வயது பத்து. ஒரே இடத்தில் முழுசாக ஐந்து நிமிடம் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

பள்ளி விடுமுறை என்பதால் அன்று அம்மாவோடு வேலைக்கு வந்திருந்தாள். இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பம்பரம் எழுந்திருக்கவில்லை. நாற்காலியோடு சேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, அரை மணி நேரத்தில் கலர் மேசைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்துவிட்டாள்.

ஆனால் அன்று அவளைவிட அம்மாதான் நிலைகொள்ளாமல் தவித்தாள். கையைத் துடைப்பாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், மறுபடி கையைத் துடைப்பாள்.

காரணம் இருந்தது. அம்மா நான்கு வருடமாக அங்கே தேய்ப்பு வேலை செய்கிறாள். உப்புத்தாளால் வண்டியின் பழைய பெயிண்டைத் தேய்த்து வழவழப்பாக்குவதுதான் தேய்ப்பு. மாலையில் வீடு திரும்பும்போது புருவம் வரைக்கும் தூசியாக இருக்கும். கலர் கலக்கும் மேசையில் இருந்தவர் போன வாரம் வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு அம்மா ஆசைப்பட்டாள். பணிமனையின் தலைவரான மேஸ்திரி தாடையைச் சொறிந்துகொண்டே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரே ஒரு பம்பர். கலர் சரியா வந்தா மேசை உனக்கு. வரலைன்னா நாளையிலிருந்து பழையபடி தேய்ப்பு. சம்மதமா?"

அம்மா சம்மதித்திருந்தாள்.

வந்த வண்டி ஒரு குட்டி எஸ்யூவி, நீல நிறம். அது ஒரு பல் டாக்டருடையது. கேட்டில் இடித்து முன் பம்பர் விரிசல் விட்டிருந்தது. புது பம்பர் கறுப்பு பிளாஸ்டிக்காகத்தான் வரும். வண்டியின் நிறத்தை அதில் அடித்து மாட்ட வேண்டும். மாலை நான்கு மணிக்கு டாக்டர் வந்துவிடுவார்.

"பல் டாக்டர்மா அவங்க. பக்கத்துப் பல்லோட நிறம் பார்த்து பல் கட்டுறவங்க. அந்தக் கண்ணை ஏமாத்த முடியாது" என்று மேஸ்திரி வேறு பயமுறுத்திவிட்டுப் போயிருந்தார்.

அம்மா என்ன செய்கிறாள் என்பதைப் பம்பரம் கண் கொட்டாமல் பார்த்தாள். வண்டியின் கதவுக்குள் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அதில் வண்டி நிறத்தின் எண் இருக்கும். எந்தச் சாயத்தில் எத்தனை கிராம் சேர்த்தால் அந்த நிறம் வரும் என்று கணினி சொல்லும். அம்மா டப்பாவைத் தராசில் வைத்து நீலம், வெள்ளை, கறுப்பு, மினுக்குப் பொடி என்று சொட்டுச் சொட்டாக விட்டாள். பிறகு ஓர் அட்டையில் அடித்துக் காயவைத்தாள்.

அதோடு வேலை முடிந்துவிடாது. அந்த எண் சொல்வது வண்டி பிறந்த அன்று இருந்த நிறத்தை. இந்த வண்டிக்கு எட்டு வயது. எட்டு வருட வெயிலில் நிறம் மாறியிருக்கும். அதனால் வண்டியிலிருந்தே ஒரு துண்டைக் கழற்றிவந்து, அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எல்லாப் பணிமனையிலும் அதற்குப் பெட்ரோல் மூடியைத்தான் கழற்றுவார்கள். பெட்ரோல் ஊற்றும் இடத்தை மறைக்கிற, உள்ளங்கை அளவுக் கதவு அது. அதில் அடி படுவது அபூர்வம். அதனால் அதற்கு யாரும் மறுபடி பெயிண்ட் அடித்திருக்க மாட்டார்கள்.

முந்தின நாளே ஃபிட்டர் அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா அட்டையை மூடியின் பக்கத்தில் வைத்தாள். மூடி கொஞ்சம் பச்சை சாய்ந்த நீலமாக இருந்தது. வெயில் செய்த வேலை என்று நினைத்து அம்மா இரண்டு சொட்டுப் பச்சை சேர்த்தாள். இன்னும் ஒரு சொட்டு. இப்போது அட்டையும் மூடியும் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன.

பெயிண்ட் அடிக்கும் அறைக்குள் பம்பரத்துக்கு அனுமதி இல்லை. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். முகமூடி போட்ட அம்மா நிறத்தை அடித்தாள், அதன்மேல் பளபளப்புப் பூச்சு அடித்தாள், சூட்டில் காயவைத்தாள். ஃபிட்டர் பம்பரை எடுத்துப் போய் இருட்டுக் கொட்டகையில் நின்ற வண்டியில் மாட்டினார். பிறகு வண்டியை வெளியே தள்ளினார்கள்.

வெயில் பட்டதும் எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது.

வண்டி ஒரு நீலம், பம்பர் இன்னொரு நீலம். யாரிடமோ இரவல் வாங்கி மாட்டியது போல இருந்தது.

மேஸ்திரி பம்பரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். மணி பதினொன்றரை.

"கழட்டுங்கப்பா. இன்னொரு தடவை முயற்சி பண்ணும்மா. நாலு மணிக்குள்ள முடியலைன்னா நம்ம பேச்சு பேச்சுதான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பம்பரத்துக்குத் தோன்றியது.

அம்மா மறுபடி கலக்கினாள். மறுபடி மூடியோடு ஒத்துப்பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. வண்டிக்கு மட்டும் பொருந்தவில்லை. அம்மா அட்டையை மேசையில் போட்டாள்.

"என் கண்ணுலதான் கோளாறா? எனக்கு ஒண்ணும் புரியல, கண்ணு."

பம்பரத்துக்கு நாற்காலி முள்ளாகக் குத்தியது. எழுந்து வெளியே போனாள். முற்றத்தில் அந்த வண்டி முன் பம்பர் இல்லாமல் மூக்கறுந்து நின்றது. பக்கவாட்டில் பெட்ரோல் வாய் வேறு ஆவென்று திறந்து கிடந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. வாயையாவது மூடிவிடலாம் என்று நினைத்தாள். ஓடிப் போய் மேசையிலிருந்த மூடியை எடுத்துவந்து அதன் இடத்தில் பொருத்தினாள்.

பொருத்திய கையை அவள் எடுக்கவில்லை.

மூடி ஒரு நீலம். அதைச் சுற்றியிருந்த தகடு வேறு நீலம். காலையில் பம்பர் எப்படித் தனியாகத் தெரிந்ததோ, அதே மாதிரி.

அவள் மூடியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். வண்டியின் மறுபக்கம் போய்ச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. அம்மாவின் கண்ணில் கோளாறு இல்லை, இந்த மூடியில்தான் ஏதோ கோளாறு.

ஆனால் மூடிதான் தவறு என்று போய்ச் சொன்னால் மேஸ்திரி கேட்பாரா? வேறு வண்டியின் மூடி இதில் எப்படிப் பொருந்தும் என்று கேட்டால் பதில் வேண்டுமே.

அதற்கு ஒரே ஓர் ஆள்தான். உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் மாமா. அவர் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வாய் எடுத்திருந்தார். வண்டியைப் பற்றி யாராவது கேட்டால் போதும், மாமாவுக்குப் பசி மறந்துவிடும். பம்பரம் கேட்டதும் கரண்டியாலேயே சுவரைக் காட்டினார். அங்கே விதவிதமான பம்பர்கள் வரிசையாகத் தொங்கின.

ஒரே பேர், ஆனால் மூன்று பிறவி என்றார் மாமா. முதல் பிறவியில் அந்தக் குட்டி எஸ்யூவி தீப்பெட்டிக்குச் சக்கரம் மாட்டியது போல இருந்ததாம். உபரிச் சக்கரத்தை முதுகில் சுமந்துகொண்டு போகும். இரண்டாவது பிறவியில் மூலைகளெல்லாம் உருண்டுவிட்டன, முதுகுச் சக்கரம் அடிவயிற்றுக்குப் போய்விட்டது. டாக்டருடையது அந்த வகை. இப்போது வருகிற மூன்றாவதற்கு விளக்குகள் தூக்கக் கலக்கத்தில் பார்க்கிற கண் மாதிரி மெலிந்துவிட்டன.

"ஏன் மாமா மாத்திக்கிட்டே இருக்காங்க?"

காற்று தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் பெட்ரோல் குறைவாகச் செலவாகும். மோதினால் உள்ளே இருப்பவருக்கு அடி குறைய வேண்டும். அதோடு பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துப் பெருமூச்சு விடவும் வேண்டுமே என்றார் மாமா. அதனால் ஒன்றின் பம்பர் இன்னொன்றில் ஏறவே ஏறாது. மாட்டுகிற கொக்கிகளே இடம் மாறியிருக்கும்.

"எல்லாமே மாறிடுச்சா? மாறாதது ஒண்ணுகூட இல்லையா?"

"சிலது இருக்கும். யாரும் கண்டுக்காத சின்னச் சாமான்கள். உள்பக்கக் கைப்பிடி, அப்புறம் இந்தப் பெட்ரோல் மூடி. முதல் பிறவிக்கும் ரெண்டாவதுக்கும் ஒரே அச்சு..."

சொல்லும்போதே மாமாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. மூடியை அவள் கையிலிருந்து வாங்கினார். பின்பக்க அழுக்கைக் கட்டைவிரலால் தேய்த்தார். பிளாஸ்டிக்கில் பதிந்திருந்த வருட எண் மெல்லத் தெரிந்தது.

"அட, இது பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச மூடி. அப்போ டாக்டரோட வண்டி பொறக்கவே இல்லையே. காரைவிட மூடிக்கு அஞ்சு வயசு அதிகம்!"

முதல் பிறவிக்குக் கம்பெனி அடித்த நீலம் பச்சை சாய்ந்தது என்றும், இரண்டாவதில் அதை மாற்றிவிட்டார்கள் என்றும் மாமா சொல்லி முடிப்பதற்குள் பம்பரம் பாதி முற்றத்தைத் தாண்டியிருந்தாள்.

மேஸ்திரி முதலில் நம்பவில்லை. முப்பது வருடமாகப் பெட்ரோல் மூடியை வைத்துத்தான் கலர் பார்க்கிறோம் என்றார்.  பம்பரம் அவர் சட்டைக் கையைப் பிடித்து வண்டிக்கு இழுத்துப் போய், மூடியைப் பொருத்திக் காட்டினாள். மேஸ்திரி குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு டாக்டருக்கு ஃபோன் போட்டார்.

 மறுமுனையில் தணிந்த குரல் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் பெட்ரோல் போட்டுவிட்டு மூடியைச் சாத்தாமல் வண்டியை எடுத்தாராம். தூணில் உரசிப் பிய்ந்துவிட்டது. பழைய சாமான் கடையில் நீலமாக ஒன்று கிடைத்ததாம்.

"கலர் உதைக்குதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். மூணு வருஷமா அந்தப் பக்கமே பார்க்காம பெட்ரோல் போட்டுட்டு இருக்கேன். வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார் டாக்டர்.

மணி பன்னிரண்டே கால். கொஞ்சம் மலர்ந்திருந்த அம்மாவின் முகம் மறுபடி சுருங்கியது. எண்ணை நம்பலாம், ஆனால் அது பிறந்த நாள் நிறம். மூடியை நம்ப முடியாது. பழைய பம்பரை நேற்றே பழைய சாமான்காரர் எடுத்துப் போய்விட்டார், கழற்றி எடுத்துவர வேறு துண்டும் இல்லை. எதை வைத்து ஒத்துப்பார்ப்பது?

"வண்டி மேசைக்கு வராதுன்னா, மேசை வண்டிக்குப் போகட்டுமே" என்றாள் பம்பரம்.

நான்கு பேர் மேசையைத் தூக்கிவந்து வண்டிக்குப் பக்கத்து நிழலில் போட்டார்கள். அப்போதுதான் அடுத்த தொல்லை தெரிந்தது. கலர்த் தராசு ஒரு சொட்டைக்கூட எடை காட்டும். லேசாகக் காற்று அடித்தாலே எண்கள் குதித்தன.

பம்பரம் ஓடிப் போய், பம்பர் வந்த பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கிவந்தாள். அதன் ஒரு பக்கத்தைக் கிழித்துத் தராசைச் சுற்றி நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் அசைந்தால் அட்டை அசையும், அட்டை அசைந்தால் எண் குதிக்கும். மூக்கு அரித்தது. ஓர் ஈ முழங்கையில் நிதானமாக நடைபழகியது. அவள் அசையவில்லை.

அம்மா பச்சையைத் தொடவே இல்லை. எண் சொன்ன கலவையில் வெள்ளை மட்டும் ஒன்றரைச் சொட்டு கூட்டினாள். அட்டையில் அடித்து, காயவைத்து, வண்டியின் தோளில் வைத்தாள். நேராகப் பார்த்தாள். சாய்ந்து பார்த்தாள். மினுக்குப் பொடி சேர்ந்த நிறம் நேராக ஒரு மாதிரியும் சாய்வாக இன்னொரு மாதிரியும் தெரியும் அல்லவா? எங்கிருந்து பார்த்தாலும் அட்டை எங்கே முடிகிறது, வண்டி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அம்மா வேலையில் இறங்கினாள். பம்பரைத் தேய்த்தாள். நான்கு வருடம் தேய்த்த கை, அரை மணியில் முடித்தது. அறைக்குள் போய் நிறம் அடித்தாள். அதோடு அந்தப் பெட்ரோல் மூடிக்கும் சேர்த்து அடித்தாள். வெளியே பம்பரம் கடிகாரத்துக்கும் கண்ணாடிக்கும் நடையாய் நடந்தாள். நாற்காலியை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஃபிட்டர் கடைசித் திருகை முடுக்கினார். நான்கு அடிக்கும்போது டாக்டர் உள்ளே நுழைந்தார்.

அவர் நேராக முன்பக்கம் போய் நின்றார். குனிந்தார். பம்பரைத் தடவினார். பக்கத்துத் தகட்டைத் தடவினார். இந்தக் கோடிக்குப் போய்ப் பார்த்தார், அந்தக் கோடிக்குப் போய்ப் பார்த்தார். புருவம் நெரிந்தது. அம்மா சேலைத் தலைப்பை முறுக்கிப் பிடித்துக்கொண்டாள். 

"என்னங்க இது? புது பம்பர் போட்டுத் தரேன்னு சொல்லிட்டு, பழசையே ஒட்டிக் கொடுத்திருக்கீங்களே" என்றார் டாக்டர், கோபமாக.

 முதலில் ஸ்டோர் மாமாதான் சிரித்தார். மேஸ்திரிக்குச் சிரிப்பை அடக்கத் தாடையைச் சொறிய வேண்டியிருந்தது.

"கலர் சம்பந்தமா எது கேட்கணும்னாலும் அவங்களைக் கேளுங்க டாக்டர்" என்று அவர் அம்மாவைக் கைகாட்டினார். "அதோ, அந்த மேசை அவங்களோடது."