முன் பிரேக்கில் புகுந்த காற்று

நோராவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அதுதான் வினை.

சனிக்கிழமை காலை. அவளுடைய அண்ணன் லாயிட் குளித்துக்கொண்டிருந்தான். இன்று அவன் தன் சிநேகிதன் க்ளெனோடு சிக்கபள்ளாப்பூர் பக்கத்து மலைக்கு சைக்கிள் விடப் போகிறான். க்ளென் வீட்டு வேன் வந்து அவனையும் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும். மலை உச்சியிலிருந்து பாறையும் சரளையுமான பாதையில் இறங்குவார்களாம். கேட்கும்போதே நோராவுக்கு உள்ளங்கால் கூசும்.

வாசலில் நின்ற சைக்கிள் முழுக்கச் சேறு. கழுவி வைத்தால் அண்ணன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள். டாடி தன் பழைய சைக்கிளைக் கழுவுவதுபோலவே அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டாள். அவர்கள் குடியிருந்த காக்ஸ் டவுன் தெருவில் யாரும் சைக்கிளை வேறு விதமாகக் கழுவி அவள் பார்த்ததில்லை. தேய்த்தாள், துடைத்தாள், மூச்சு வாங்க நிமிர்த்தி வைத்தாள்.

அழகு பார்த்துக்கொண்டே முன் பிரேக்கை அழுத்தினாள். அது பாலில் ஊறிய பன் மாதிரி அமுங்கி, ஹேண்டில்பாரில் போய் ஒட்டிக்கொண்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மறுபடி அழுத்திப் பார்த்தாள். முன் சக்கரம் அது பாட்டுக்கு உருண்டது.

நோரா சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

இந்த சைக்கிளின் பிரேக்கில் கம்பி கிடையாது. மெல்லிய குழாய்க்குள் எண்ணெய்தான் இருக்கிறது. பிரேக்கை அழுத்தினால் எண்ணெய் தள்ளும். அந்தத் தள்ளலில் இரண்டு கட்டைகள் நெருங்கி, சக்கரத்தோடு சுற்றும் தட்டை இறுக்கிப் பிடிக்கும். எண்ணெய்க்குள் காற்று புகுந்தால் பிடிப்பு போய்விடும். போன வாரம் எண்ணெய் மாற்றும்போது லாயிட்தான் பெருமையாக இதையெல்லாம் சொன்னான். கூடவே இன்னொன்றும் சொன்னான்: "என் சைக்கிள்ல கை வெச்சே, அவ்ளோதான்."

கை வைத்தாயிற்று.

சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? பின் பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது. தானாகவே சரியாகிவிடாதா? ஆனால் கண்ணை மூடினால் அந்த மலைப் பாதை வந்து நின்றது. அண்ணன் இறங்குகிறான். பிரேக்கை அழுத்துகிறான். சைக்கிள் நிற்கவில்லை.  "மாதாவே" என்று முணுமுணுத்தாள்.

தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது.

நோரா ஒரே ஓட்டமாக ஓடிப் பூட்டை எடுத்து வந்தாள். சைக்கிளைக் கேட் கம்பியோடு சேர்த்துப் பூட்டினாள். சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

லாயிட் தலை துவட்டிக்கொண்டே வெளியே வந்தான். அதற்குள் வாசலுக்கு வந்துவிட்ட வேனிலிருந்து க்ளெனும் இறங்கினான்.

"யாரு பூட்டுனது? சாவி எங்க?"

"தர மாட்டேன்."

"வெளையாடாதே நோரா. லேட்டாவுது."

"முன் பிரேக்க புடிச்சுப் பாரு. அப்புறம் தர்றேன்."

"மம்மி, இவள கொஞ்சம் பாருங்க" என்று உள்ளே பார்த்துக் கத்திக்கொண்டே லாயிட் பிரேக்கை அழுத்தினான். அப்படியே நின்றுவிட்டான். அவன் முகம் வெளுத்துப்போனது.

"என்ன பண்ணே இத?"

நோராவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "கழுவலாம்னு கவுத்துப் போட்டேன்ணா. டாடி செய்யற மாதிரி. என்ன வேணா திட்டு. ஆனா இதுல போவாதே."

லாயிட் திட்டுவதற்கு வாயைத் திறந்தான். அதற்குள் க்ளென் குனிந்து பிரேக்கை அழுத்திப் பார்த்தான்.

"கவுத்தா மட்டும் இப்பிடி ஆவாதுடா" என்றான். "பிடிக்குள்ள ஏற்கெனவே காத்து இருந்திருக்கணும். கவுத்ததும் குழாய்க்குள்ள புகுந்திருக்கு. எண்ணெய் மாத்துனது யாரு?"

லாயிட் துண்டைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றான்.

"நான்தான். சர்ச்ல க்வயர் பாட்டு ப்ராக்டிஸுக்கு லேட்டாச்சுன்னு, காத்துக் குமிழி வர்றது நிக்கறதுக்குள்ள மூடிட்டேன்."

"நல்லா மூடுனே போ. மலைல குலுங்குற குலுக்கல்ல அந்தக் காத்து எப்பிடியும் புகுந்திருக்கும்."

 மூன்று பேரும் அந்த மலைப் பாதையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பயணம் மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது. பூட்டைக் கழற்றாமல் கேட்டருகிலேயே வேலை தொடங்கியது. லாயிட் பிரேக் பிடிக்கு மேலே ஒரு சின்னக் குவளையைப் பொருத்தினான். கீழே சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து க்ளென் சிரிஞ்சில் எண்ணெயை மெதுவாகத் தள்ளினான். நோரா ஸ்பூன் காம்பால் குழாயை லேசாகத் தட்டிக்கொண்டே குவளையைப் பார்த்தாள். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தன.

"போதும், மூடிடலாம்" என்றான் லாயிட்.

"இரு அண்ணா. இன்னும் ஒன்னு வருது."

"எனக்குத் தெரியலையே."

"உனக்கு எப்பத்தான் தெரிஞ்சுது" என்றான் க்ளென்.

காத்திருந்தார்கள். கடுகளவுக் குமிழி ஒன்று தயங்கித் தயங்கி மேலே வந்தது. அதன் பின்னால் ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் மூடினார்கள்.

மத்தியானம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு லாயிட் வந்தான். சாவிக்குக் கை நீட்டப் போனவன், ஹேண்டில்பாரை நோரா பக்கம் திருப்பினான்.

"நீ ஒரு வாட்டி புடிச்சுப் பாத்துடு."

நோரா பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள். பிரேக் கல்லாக நின்றது.

அதன் பிறகுதான் அவள் சாவியைக் கொடுத்தாள்.