பொதுச் சுவர்

வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டப்போன பிரையோனி, அதை அப்படியே ஒருவனின் காலணியில் கொட்டிவிட்டாள்.

மெல்பர்னின் ஜூலைக் குளிர்கால மழையில், நடைபாதை ஓரத்தில் அண்ணாந்து நிற்கிறவனை யார் எதிர்பார்ப்பார்கள்?

"மேல கொட்டுறது போதாதுன்னு கீழயும் ஊத்துறீங்களா?"

"நடுவழியில நின்னு அப்படி என்னங்க பார்வை?"

"கட்டடத்து உச்சியில அலங்காரத்துக்கு வெச்ச கல் சாடிங்களை எண்ணினேன். உங்க தலைக்கு மேல மட்டும் ஒண்ணைக் காணோமே..."

"என் தலைமேல விழாம போச்சே, அதுவே பெரிசு!"

அவன் சிரித்தான். மழை மேகத்தின் நிறத்தில் கண்கள்... பல நாள் தூங்காத கண்கள். அவள் நெஞ்சு ஒருதரம் தடுமாறியது. ச்சே, என்ன இது...

விக்டோரியா மகாராணி காலத்தில் ஒரே வரிசையாக எழுந்த ஐந்து கடைகள் அவை. ஐந்துக்கும் சேர்த்து ஒரே முகப்புச் சுவர், வளைவு ஜன்னல்கள், தாழ்வாரம் முழுக்க வார்ப்பிரும்புப் பூவேலை. வெளியே பார்த்தால் ராஜகம்பீரம். உள்ளே, பிரையோனியின் பழைய புத்தகக் கடையில் இடப்பக்கச் சுவர் ஈரம் கசிந்து அழுதுகொண்டிருந்தது. புத்தகமெல்லாம் பூஞ்சணம், அவளுக்கு ஓயாத இருமல். இப்படியே போனால் இந்தக் குளிர்காலத்தோடு கடையை மூட வேண்டியதுதான். மாடியில்தான் அவள் குடியிருப்பும்.

"நான் ஆங்கஸ். பக்கத்துக் கடைக்காரர் மகன். அப்பா போன மாசம் தவறிட்டார்."

அவள் முகம் மாறியது. இரண்டு கடைக்கும் பொதுவான அந்தச் சுவரின் மறுபக்கத்தில் சிமெண்ட் பூசியவர் அவர்தான். நோயாளியிடம் சண்டை வேண்டாமென்று இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் பிரையோனி. வருத்தமா இருக்குங்க. ஆனா அந்தச் சிமெண்ட்டைப் பெயர்த்துடுங்க."

"ஏன்? எங்க பக்கம் நல்லா காஞ்சிருக்கே!"

"ஏன் காயாது? சுண்ணாம்புல கட்டின சுவர், ரெண்டு பக்கமும் மூச்சு விடணும். உங்கப்பா ஒரு பக்கத்து மூக்கைப் பொத்திட்டார். ஈரமெல்லாம் என் பக்கம் வருது."

"அது அவர் கையால செஞ்ச கடைசி வேலைங்க... என்னால முடியாது."

"அதுக்காக நான் தெருவுல நிக்கணுமா?"

கதவை அறைந்து சாத்தினாள். உள்ளே வந்ததும் அழுகை பொங்கியது. செத்தவரைப் போய்க் குறை சொல்லிவிட்டோமே...

அதன்பின் பேச்சில்லை. எதிர்ப்பட்டால் அவள் தெருவில் போகும் டிராமைப் பார்ப்பாள், அவன் சாடியைப் பார்ப்பான். மழையும் விடவில்லை. அவள் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

நாள் முழுக்க வெளியே போய்த் திரும்பிய ஒரு மாலை, கடைசி அலமாரியைக் காலி செய்தபோது சுவருக்கு அந்தப் பக்கம்... டொக். டொக். உளிச் சத்தம்!

ஓடினாள். தலையெல்லாம் சிமெண்ட் தூசியோடு ஆங்கஸ் நின்றான். அநேகமாகச் சுவர் முழுக்கச் செங்கல் தெரிந்தது. அவன் கண்களும் சிவந்திருந்தன.

"ஆள் வெச்சுப் பண்ணியிருக்கலாமே..."

"அப்பா பூசினதை யாரோ வந்து உடைக்கிறதா?" முகத்துத் தூசியைத் துடைத்தான். "ஈரம் நெஞ்சுக்கு ஆகலைன்னுதான் அவர் பூசினார். இப்ப நீங்க இருமுறது சுவர் வழியா கேக்குது. அவருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. இன்னொரு தடவை என்னால தாங்க முடியாதுங்க... அதுவும் நீங்கன்னா, முடியவே முடியாது."

அவள் சுவரருகே வந்தாள்.

மூலையில் ஒரு முழம் சிமெண்ட் மிச்சமிருந்தது. அதில் ஒரு உள்ளங்கை, ஐந்து விரலும் பதிந்து... பூச்சு காயுமுன் கிழவர் கை ஊன்றியிருக்க வேண்டும். ஆங்கஸ் அதில் உளியை வைத்தான். ஆனால் சுத்தியலை ஓங்கவில்லை.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதை விட்டுடு, ஆங்கஸ்."

"அங்க ஈரம் வரும், பிரையோனி. உன் பக்கம்தான்."

"வரட்டும். என் பக்கம் அந்த மூலையில புத்தகம் வைக்கல, ரெண்டு நாற்காலி போடறேன். ஒண்ணு உனக்கு. எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு... தினமும் வந்து இந்தக் கைக்கு நேர் பின்னால, உங்கப்பா பக்கத்துல உட்காரு."

அவன் உளியைக் கீழே வைத்தான்.