மீன் முத்திரை ரம்பம்

"இன்னிக்குப் போகலீன்னா மழை ஓயற வரைக்கும் ஓடையைத் தாண்ட முடியாதுங்க. வர்றீங்களா, திரும்பிக்கலாமா?" என்றார் வழிகாட்டி மாசாணி.

சேவியர் தண்ணீரில் கால் வைத்தான்.

பழைய தச்சுக் கருவிகளைத் தேடிச் சேர்ப்பவன் அவன். நாகர்கோவில் வீட்டில் இழைப்புளியும் வாய்ச்சியுமாக எழுபத்திரண்டு இருந்தன. பேச ஆளில்லை. மனைவி ஜெசிந்தா இறந்து பதினோரு மாதம். ஆனைமலையின் பழைய மரம் வெட்டும் முகாமில், இருவர் இழுக்கும் ரம்பம் ஒன்று ஒருமுறைகூட மரத்தில் படாமல் குகையில் கிடப்பதாக ஒரு பழைய கடிதத்தில் கண்டுபிடித்தவள் அவள்தான். அதை எடுத்துவிட வேண்டும். வேறெந்தத் திட்டமும் அவனிடம் இல்லை.

குகை! வௌவால்கள் படபடத்துக் கிளம்பின. மக்கிய பெட்டிக்குள், கொழுப்பு பூசிய சாக்கில் ஏழடி நீளத்துக்கு அது கிடந்தது. சேவியர் டார்ச்சை அருகே பிடித்தான். நான்கு கூர்ப்பல், பிறகு தூளை வாரித் தள்ளும் ஒரு பல், மறுபடி நான்கு. அரமே படாத பற்கள். கைப்பிடி ஓரம், கடிதத்தில் சொல்லியிருந்த மீன் முத்திரை.

"இதுதான்!"

"அட, பேசுவீங்களா! காலையில இருந்து ஊமைன்னு நெனச்சுட்டு வந்தனுங்க" என்றார் மாசாணி.

திரும்பும்போது காற்று சுழன்றடித்தது. ஓடைக்கரை மரம் ஒன்று சாய்ந்து, தண்ணீரில் இறங்கியிருந்த மாசாணியின் காலை அமுக்கியது. அவர் ஒரு வேரைப் பற்றிக்கொண்டார். தண்ணீர் இடுப்பைத் தொட்டது.

"அரிவாளைத் தண்ணி அடிச்சுட்டுப் போயிருச்சு! ஆள் கூட்டியாறதுக்குள்ள முழுகிருவனுங்க!"

சேவியர் தோளில் இருந்த சாக்கைத் தொட்டான். ஓர் இழுப்பு இழுத்தாலும் இது தீண்டாத ரம்பம் இல்லை. அப்படி நினைத்ததற்கே கூசிப்போய்ச் சாக்கைக் கிழித்தான்.

இழுத்தான். தள்ளினான். மெல்லிய தகடு வளைந்து சிக்கியது! மறுமுனையில் ஆளில்லாமல் இதைத் தள்ள முடியாது. எழுபத்திரண்டு கருவிகளின் வயதை அறிந்தவனுக்கு இது தெரிந்திருக்கவில்லை. தண்ணீர் மார்புக்கு வந்தது.

"தள்ளாதீங்க! அந்தப் பிடியை இங்க நீட்டுங்க, நான் இழுக்கறேன்!"

"வேரை விட்டா முங்கிப் போவிய, அண்ணே!"

"நீங்க வுடாம இருந்தாச் சரி!"

மாசாணி வேரை விட்டார். இப்போது அவருக்குப் பிடிமானம் ரம்பம் மட்டுமே. அவர் இழுக்கையில் இவன் தளர்ந்தான். இவன் இழுக்கையில் அவர். பிடியை மட்டும் இருவரும் விடவில்லை. ஈரத்தூள் முகத்தில் தெறித்தது. படீரென்று மரம் இரண்டாயிற்று!

தோளில் தாங்கி அவரைச் சாலைக்குக் கொண்டுவந்தான். முதுகில் ரம்பம்: தகடு கோணி, மூன்று பல் போய், மரப்பால் அப்பியிருந்தது.

"பொருளு பாழாப் போச்சுங்களே."

"போட்டும். மத்தவங்க இழுக்கையில நாம தள்ளப்பிடாதுன்னு தெரிஞ்சுதுல்லா."

"அது செரி. வீட்டுக்குப் போயி யாரோட அறுப்பீங்க?"

சேவியர் முதுகில் இருந்த ரம்பத்தைச் சரிசெய்துகொண்டான்.

"உங்க காலு ஆறட்டும். திரும்ப வாறேன். மிச்ச மரம் வழியை அடச்சுக்கிட்டுல்லா கெடக்கு."