பாயிஸ் நானாவின் கணினியில் நஸ்லியா

கடவுச்சொல்லின் கறுப்புப் புள்ளிகள் வழமைபோலத் தாமாகவே வந்து பெட்டிக்குள் உட்கார்ந்தன; ஆனால் மின்னஞ்சல் திறக்கவில்லை. 'கடவுச்சொல் பிழை' என்றது. நஸ்லியா கண் அடையாளத்தைத் தட்டி, சேமித்திருந்த எழுத்துக்களைப் பார்த்தாள். எல்லாம் சரி. உலாவியை மூடித் திறந்து, மறுபடி அழுத்தினாள். இம்முறை கீழே சிறிதாக ஒரு வரி வந்தது: உங்கள் கடவுச்சொல் இன்று காலை மாற்றப்பட்டுள்ளது.

அவள் மாற்றவில்லை.

அடம்பன் வயல்களைக் கடந்து வந்த பகல் காற்று, வைக்கோல் மணத்தையும் சாணி மணத்தையும் ஜன்னல் இடுக்கால் உள்ளே தள்ளி, கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. இந்த வாடகை வீட்டுக்கு அவள் ஓடி வந்தது புருஷன் ஸப்ராஸுக்குத் தெரியாது. அவன் மிதித்து உடைத்த விலா, மூச்சு விடும்போது இன்னும் குத்துகிறது. அடுத்த முறை உயிர் மிஞ்சாது என்று சொல்லியிருந்தான், பாவி. சொன்னதைச் செய்கிறவன். இடம் தெரிந்தது தங்கை ஹுஸ்னியாவுக்கு மட்டும். உம்மா மருமகன் பக்கம். அதனால் வீட்டிலிருந்து ஹுஸ்னியா போனில் பேசுவதில்லை. எல்லாம், இந்த வீட்டு விலாசம்கூட, மின்னஞ்சலில்தான். இன்று பஸ்ஸில் வருவதாக எழுதியிருந்தாள்.

மின்னஞ்சல் கணக்கைத் திறந்து கொடுத்தவர் மன்னார் பசாரில் போனுக்கும் இன்டர்நெட்டுக்குமாகக் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் பாயிஸ் நானா. அங்கே யாருக்கும் தன் கடவுச்சொல் ஞாபகமில்லை. அவருடைய கணினிதான் ஊருக்கே ஞாபகம் வைத்திருக்கிறது. நஸ்லியா அவருக்கு அழைத்தாள்.

"ஓம் தங்கச்சி, பாஸ்வேர்டை நான்தான் எடுத்துக் குடுத்தனான். காலமை ஸப்ராஸ் வந்தவர். நீங்க மறந்துபோனீங்க எண்டு சொன்னவர். சொந்தப் புருஷன் கேட்டா இல்லையெண்டா சொல்லுறது?"

அட மனுஷா, ஒரு சொல் என்னைக் கேட்டிருக்கக் கூடாதா! உடனே தங்கையை அழைத்தாள்.

"ராத்தா, பஸ் வேணாமெண்டு நீங்க காலமை மெயில்ல சொன்ன மாதிரி, பஸ்ஸில ஏறயில்ல. நீங்க அனுப்பின வான்லதான் வாறன்."

"நான் ஒரு வானும் அனுப்பயில்ல. இறங்கு! இப்பவே இறங்கு!"

"என்ன சொல்றீங்க? உயிலங்குளம் தாண்டிட்டம். ட்ரைவர் கதைக்கிறாரே இல்ல. பின் சீட்டில ஆரோ முழுக்கப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்... சுகமில்லாத ஆளாம்."

இஞ்சின் இரைச்சல். ஆடும் கண்ணாடியின் கடகடப்பு. அவற்றுக்கு அடியில், துணி விலகும் சத்தம். பிறகு ஒருவன் தொண்டையைச் செருமினான்.

அடிக்கும் முன் ஸப்ராஸ் அப்படித்தான் செருமுவான்.

"ஹுஸ்னியா, கதவைத் திற. குதி!"

"மச்சான்..."

அலறல். தலை இரும்பில் மோதியது. மறுபடி. மறுபடி. அலறல் கொர்ரென்று அடங்கியது. பிறகு வெறும் இஞ்சின்.

யா அல்லாஹ்! நஸ்லியா தாழ்ப்பாள் போட்டாள். அலுமாரியை இழுத்துக் கதவுக்கு அணை கொடுத்தாள். போனைத் துண்டிக்க மனம் வரவில்லை. தங்கை மூச்சு விட்டால் கேட்குமே.

மூச்சு கேட்கவில்லை. போனில் கேட்ட இஞ்சின் வாசலுக்கு வரும் ஒழுங்கையிலும் கேட்டது.

இரண்டு சத்தமும் ஒன்றாக நின்றன.

ஜன்னல் திரையை விலக்கினாள். வெள்ளை வான். பக்கக் கண்ணாடியில் ஒரு கை அழுந்தியிருந்தது. ஹுஸ்னியாவின் கை. சிவந்த தடத்தை இழுத்துக்கொண்டு அது கீழே சரிந்தது.

உள்ளே இருந்த ஸப்ராஸ் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினான். நஸ்லியாவைப் பார்த்து அதை மெதுவாக ஆட்டிக் காட்டினான்.