வலது பக்கம் வலி

"அந்த ஆம்புலன்ஸ் டிரைவர் பொய் சொல்றான் சார். அதை நீங்க எழுத்துல கொடுக்கணும்."

சொன்னவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். லேத்துப் பட்டறையில் வேலை. எத்தனை கழுவினாலும் போகாத எண்ணெய்க் கறை நகங்களில் இருந்தது. பதினெட்டு நாளைக்கு முன் அவருடைய மனைவி மாரடைப்பில் இறந்துபோயிருந்தார்.

கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் முப்பத்தோரு வருடம் விபத்து சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பட்டம் போகவில்லை. ஊருக்கு அவர் இன்னும் 'சர்வேயர்'தான். இப்படி யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள், அவரும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொள்வார். பக்கத்தில் குறிப்பேடும் பேனாவுமாக அவருடைய மருமகள் தயாராக இருந்தாள். பார்சல் நிறுவனத்தில் வண்டிகளுக்குத் தடம் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. விடுமுறையில் மாமனாரோடு துப்பறியக் கிளம்பும் குஷி, புருஷனோடு சினிமாவுக்குக் கிளம்பும்போது அவளிடம் இருப்பதில்லை என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் சர்வேயர்.

லேத்துக்காரர் சொன்னார். நான்கு மாதமாக அவருக்கு இரவு ஷிப்ட். காலையில் வந்து மாடியில் படுத்தால் மூன்று மணிவரை எழுந்திருக்க மாட்டார். போனை அணைத்துவிட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். அன்று பதினோரு மணிக்குக் கீழே மனைவிக்கு நெஞ்சு வலி. பதினொன்று இரண்டுக்கு ஆஸ்பத்திரிக்கு போன் செய்து ஆம்புலன்ஸ் கேட்டிருக்கிறார். இருக்குமிடத்தையும் போனிலேயே அனுப்பியிருக்கிறார். எட்டு நிமிடத் தூரம். வண்டி வந்து சேர்ந்தது பதினொன்று முப்பத்தெட்டுக்கு.

"கதவை இடிச்ச சத்தத்துலதான் எந்திரிச்சேன். இறங்கி வந்து பாத்தா நாற்காலியில உக்காந்திருக்கா. காலில செருப்பு, மடியில கைப்பை. கிளம்பறதுக்கு ரெடியா." அவர் நகத்தைச் சுரண்டினார். "கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரே சொன்னார்."

"டிரைவர் என்ன சொல்றாரு?" என்று கேட்டாள் மருமகள்.

"மேப் சுத்த விட்டுடுச்சாம். நடுவுல அவளுக்கு போன் பண்ணினானாம். அவ வலிக்குதுன்னு மட்டும்தான் சொன்னாளாம். இருபது வருஷம் அந்த வீட்டுல இருந்தவ, வீடு எங்க இருக்குன்னு சொல்ல மாட்டாளா? இதைப் பாருங்க."

ஆம்புலன்சில் நிரப்பும் படிவத்தின் நகல். 'நோயாளி கூறியது' என்ற கட்டத்தில் 'வலது பக்கம் வலி' என்று எழுதியிருந்தது.

"அவளுக்கு வலி இடது பக்கம் சார். முதல் நாளே இடது கை மரத்துப் போகுதுன்னு சொன்னா, நான்தான் வாயுவா இருக்கும்னுட்டேன். அவ போனைத் திறக்கற நம்பர் எனக்குத் தெரியாது, ஆனா இவன் போனே பண்ணியிருக்க மாட்டான். தப்பிக்கறதுக்கு வாய்க்கு வந்ததை எழுதியிருக்கான். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில விசாரணை. நான் கொடுத்த புகார் நின்னா அவன் வேலையும் போகும், லைசென்சும் போகும். போகட்டும்."

எழுந்தவர் வாசலில் மறுபடி நின்றார். "இன்னொண்ணும் புரியலை சார். அரை மணி நேரம் வண்டி வரலை. அவ ஏன் திரும்ப போன் பண்ணலை? பக்கத்து வீட்டுலயே தையல்காரம்மா இருக்காங்க. ஒரு குரல் கொடுத்திருக்கலாமே."

அவர் போனதும் மருமகள் பேனாவை மூடினாள். "டிரைவர்தான் மாமா. சந்தேகமே இல்லை."

"சந்தேகம் இல்லேன்னா எதுக்கும்மா நாளைக்கு நாம போறோம்?" என்றார் சர்வேயர்.

சனிக்கிழமை காலை டிரைவர் அவர்களைப் பெட்ரோல் பங்க்கில் சந்தித்தார். முப்பதைத் தாண்டாத ஆள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். சவரம் செய்து நாளாகியிருந்தது. அந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்து பன்னிரண்டாவது நாளில் நடந்தது இது.

அவர் முதலில் காட்டியது தன் போனை. அன்று பதினொன்று ஒன்பதுக்கு அந்த அம்மாவின் எண்ணுக்குப் போன அழைப்பு அதில் இருந்தது. நாற்பத்தெட்டு விநாடி. மருமகளின் முகம் கொஞ்சம் தொங்கிப்போயிற்று.

"இதே இடத்துல நின்னுதான் சார் பேசினேன். வீடு கிட்டக்கத்தான் இருக்குன்னு மேப்ல புள்ளி காட்டுது. ஆனா நேரா நாலு கிலோமீட்டர் போங்கறது. எனக்கே ஒரு மாதிரி இருந்துது. அதான் ஓரங்கட்டி போன் போட்டேன். ஆம்புலன்ஸ்லேர்ந்து பேசறேம்மா, பங்க்குகிட்ட நிக்கிறேன்னு சொன்னேன். அவங்களுக்கு மூச்சு வாங்குது. வலது பக்கம், வலது பக்கந்தான் வலின்னாங்க. பேஷன்ட்டுங்க எடுத்த உடனே வலியைத்தான் சார் சொல்வாங்க. நானும் ஆறுதலா பேசிட்டு வெச்சிட்டேன். மேல கேட்டு அவங்களைச் சிரமப்படுத்த மனசு வரலை. மேப் சொன்னபடி போனேன்."

மேப் அவரை மேம்பாலம் ஏற்றி, ரயில்வே கேட்டில் ஒன்பது நிமிடம் நிறுத்தி, கடைசியில் ஒரு மதிற்சுவருக்குப் பின்னால் கொண்டுபோய், வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று வாழ்த்தியிருக்கிறது. வீடு சுவருக்கு அந்தப் பக்கம். மறுபடி அத்தனை தூரமும் சுற்றி, கேட்டுக்கேட்டு வந்திருக்கிறார்.

மருமகள் தன் போனில் அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். பங்க்கை ஒட்டி உள்ளே போகும் தெரு முழுக்க சிவப்புக் கோடு போட்டிருந்தது. தொட்டதும் ஒரு குறிப்பு வந்தது. நான்கு மாதத்துக்கு முந்தையது. 'இந்தப் பக்கம் வலி இல்லை.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "யாரோ தெரு அடைப்புன்னு புகார் போட்டிருக்காங்க மாமா. போன்ல பேசினா அதுவே எழுத்தா மாத்திக்கும். அது தப்பா எழுதியிருக்கு."

சர்வேயர் போனை வாங்கி அந்த நான்கு சொற்களை வேண்டிய நேரத்துக்கு மேலேயே பார்த்தார். பிறகு தெருவை எட்டிப் பார்த்தார். ஒரு தடுப்பும் இல்லை. நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது.

"தெரு திறந்துதானே கிடக்கு. கம்பெனிக்காரங்க வந்து பாக்க மாட்டாங்களா?"

"யார் மாமா வருவா? நம்மள மாதிரி ஆளுங்க சொல்றதுதான். ஒருத்தர் போடுவார், அந்தப் பக்கம் இருக்கறவங்ககிட்ட இன்னும் அப்படியேதான் இருக்கான்னு அது கேக்கும், நாலு பேர் ஆமான்னா நம்பிடும். எங்க ஆபீஸே அதை வெச்சுத்தான் ஓடுது. பத்துக்கு ஒன்பது தடவை அச்சு அசலா இருக்கும்."

"மிச்ச ஒரு தடவை?"

"பார்சல் லேட்டாகும்," என்று சொல்லிவிட்டு, டிரைவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் எல்லோரும் லேத்துக்காரர் வீட்டு முன்னறையில் கூடினார்கள். டிரைவர் கதவை ஒட்டி நின்றார். உட்காரச் சொல்ல வீட்டுக்காரருக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வந்திருந்தார். மருமகளின் சந்தேகம் ஒரே இரவில் டிரைவரை விட்டு அவர்மேல் ஏறியிருந்தது.

"உங்களுக்கு இந்தத் தெருவுல வண்டி வந்தா பிடிக்காதாமே?" என்று ஆரம்பித்தாள்.

"யாருக்குப் பிடிக்கும்? குறுக்கு வழின்னு மேப் காட்டுதுன்னு இருக்கற லாரியெல்லாம் இதுக்குள்ளதான் வந்துச்சு. தைச்சு மாட்டின துணியெல்லாம் புழுதி. நாலு மாசமாத்தான் நிம்மதி."

"மேப்ல தெருவை அடைச்சது நீங்கதானே?"

"அடைக்கல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு. தெரு இன்னும் மூடித்தான் இருக்கான்னு போன் கேட்டுச்சு, ஆமான்னு அமுக்கினேன்." தையல்காரம்மாவின் குரல் இறங்கியது. "ரெண்டு மூணு தடவை கேட்டுச்சு. எதிர் வீட்டுலயும் அமுக்கினாங்க. லாரி வராதுன்னுதான் அமுக்கினோம். ஆம்புலன்சும் வராதுன்னு யாருக்குத் தோணுச்சு?"

சர்வேயர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போயிருந்தார். அலமாரியில் வரிசையாக டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி, குண்டு குண்டான எழுத்து. 'பியூஸ் கம்பி.' 'ஊசி நூல்.' 'பலைய சாவி.' அவர் தண்ணீர் குடிக்க மறந்து அங்கேயே நின்றார். திரும்பி வந்தபோது, தேடியது கிடைத்தவரின் முகமாக அது இல்லை.

"டிரைவர் பொய் சொல்லலை," என்றார் உட்கார்ந்துகொண்டே. "போன் பண்ணினது உண்மை. பொய்யா எழுதறவரா இருந்தா, மாரடைப்புக்கு இடது பக்கம்னு எழுதியிருப்பார். ஆம்புலன்ஸ் ஓட்டறவருக்கு அது தெரியாதா? காதுல விழுந்தது அதுதான், அதான் எழுதியிருக்கார்."

"அவளுக்கு வலது பக்கம் வலியே இல்லை சார்," என்றார் லேத்துக்காரர்.

"இல்லைதான். அவங்க உடம்பைப் பத்திச் சொல்லலை." சர்வேயர் டிரைவர் பக்கம் திரும்பினார். "தம்பி, பங்க்குல நீங்க நின்ன இடத்துலேர்ந்து இந்தத் தெரு எந்தப் பக்கம்?"

டிரைவர் கையை லேசாகத் தூக்கிப் பார்த்தார், வண்டியில் உட்கார்ந்திருப்பதைப் போல. "வலது பக்கம்," என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது.

"பங்க்குகிட்ட நிக்கிறேன்னு நீங்க சொன்னீங்க. வலது பக்கந்தான் வழின்னு அவங்க சொன்னாங்க. அவங்க வாயில அது எப்படி வரும்னு சமையலறை டப்பாவுல பழைய சாவியை எழுதியிருக்கற விதத்துலயே இருக்கு. நீங்க கேட்டதும் தப்பில்லை, அவங்க சொன்னதும் தப்பில்லை."

லேத்துக்காரர் சமையலறைப் பக்கம் திரும்பினார். "அவளுக்கு ழ வராது. கல்யாணமான புதுசுல சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். அப்புறம் அது எனக்கு வித்தியாசமாவே தெரியலை. இருபத்தாறு வருஷம். அவ எப்படிச் சொன்னாலும் எனக்குச் சரியாத்தான் கேக்கும்."

மருமகள் சட்டென்று தன் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. மாமனார் ஏன் அந்தக் குறிப்பைப் பற்றிப் பேசவில்லை என்பதும் புரிந்தது. ஆனால் கவிழ்த்த வேகமே காட்டிக்கொடுத்துவிட்டது.

"தெருவை முதல்ல அடைச்சது யாரு?" என்று கேட்டார் லேத்துக்காரர்.

அவர் கையை நீட்டினார். அவள் மாமனாரைப் பார்த்தாள். சர்வேயர் வேண்டாம் என்று தலையசைத்திருக்கலாம், அசைக்கவில்லை. அந்த மனிதரிடமிருந்து அதை மறைக்கும் உரிமை தனக்கு உண்டா என்று அவருக்குத் தெரியவில்லை.

லேத்துக்காரர் குறிப்பை வாய்விட்டுப் படித்தார். "இந்தப் பக்கம் வலி இல்லை." தேதியையும் படித்தார். "நான் நைட் ஷிப்டுக்கு மாறின வாரம். லாரி சத்தத்துல பகல்ல தூங்கவே முடியலைன்னு புலம்பினேன். ரெண்டே நாள்ல சத்தம் நின்னு போச்சு. என் அதிர்ஷ்டம்னு சொன்னேன், அவ சிரிச்சா."

தையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மருமகளுக்கும் அழுகை வந்தது. முதல் நாள் அந்தக் குறிப்பைப் பார்த்துத் தான் சிரித்தது நினைவுக்கு வந்து அவளை அறுத்தது.

"புகாரைத் திரும்ப வாங்கிடறேன்," என்றார் லேத்துக்காரர். "ஆனா இனிமே நான் யார் மேல சார் கோவப்படறது?"

"தெரியலீங்க," என்றார் சர்வேயர். முப்பத்தோரு வருடத்தில் அவர் எழுதிய ஒவ்வொரு அறிக்கையிலும் யாராவது ஒருவர் பெயர் இருந்தது.

டிரைவர்தான் மறுபடி பேசினார். "அண்ணே, அவங்க கடைசியா ஒண்ணு கேட்டாங்க. ஆஸ்பத்திரியில அதைச் சொல்லலை, முக்கியம்னு தோணலை. வலி தெரிஞ்சுதா தம்பின்னு கேட்டாங்க. அவங்க வேதனை எனக்குப் புரியுதான்னு கேக்கறாங்கன்னு நெனச்சேன். நல்லாத் தெரியுதும்மா, கவலைப்படாதீங்கன்னேன். சரிப்பான்னு சொல்லி வெச்சிட்டாங்க."

லேத்துக்காரர் தலையை ஆட்டினார். அன்று சர்வேயர் வீட்டு வாசலில் கேட்ட கேள்விகளுக்கு இப்போது அவரிடமே விடை இருந்தது. ஆனால் அவர் சொன்னது வேறு.

"அப்போ உங்களுக்கு வழி தெரிஞ்சுடுச்சுன்னு நம்பிட்டா. இதோ வந்துடுவீங்கன்னு இருந்திருக்கா." மாடிப்படியை ஒரு தரம் பார்த்தார். "அதான், தூங்கட்டும்னு என்னை எழுப்பாம விட்டுட்டா."